வேரால் வாங்கி உண்ணும் செடிகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுச் சொற்பொழிவுத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வளவில் நூறு சந்தனக் கன்றுகள் நடவேண்டும் என்று நமது சங்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. "ரீச்சர், நீங்கள் தாவரவியல் படிப்பித்தவர், அதைப்பற்றி ஒரு அரைமணித்தியாலம் பேசுங்கள்" என்று செயலாளர் மகள் கேட்டார். சந்தனத்தின் மணத்தைப் பற்றியோ மருத்துவக் குணத்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். சந்தனம் எப்படிச் சாப்பிடுகிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் நூறு கன்றையும் கூட்டிப் பெருக்கிய வெள்ளை மணலில் வரிசையாக நட்டு, சுற்றிவரச் சீமெந்து வளையமும் வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை தொங்கவிட்டால், இரண்டு வருடத்தில் பலகை மட்டும்தான் மிஞ்சும்.

சந்தனம் ஒரு வேர் ஒட்டுண்ணி. அது தனித்து வாழாது.

ஒட்டுண்ணி என்றதும் நமக்கு நினைவு வருவது குருவிச்சை. மாமரத்துக் கொப்பில் குருவி எச்சமிட்டு முளைத்து, அந்தக் கொப்பையே பிடித்து வாழ்வது. அடுத்தது கொத்தான். கடற்கரைப் பற்றைகளின்மேல் மஞ்சளும் பச்சையுமாய் நூல் சிக்கியதுபோல் படர்ந்து கிடப்பது. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒட்டுண்ணிகள். மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாது. மேலே பார்த்தால் மற்றச் செடிகளைப்போல் பச்சை இலை, பூ, காய் எல்லாம் இருக்கும். மண்ணுக்குக் கீழேதான் அதன் சங்கதி நடக்கும். இந்த மூன்றாவது வகையில் சந்தனம் மட்டும் இல்லை. நமது பற்றைக்காடுகளில் வளரும் சில சாதாரணச் செடிகளும் இருக்கின்றன. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அவற்றைப் பற்றித்தான்.

நமது ஊர்ப் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கொக்கட்டிச்சோலை, தாழங்குடா, நாவற்குடா, புளியந்தீவு, ஆலையடிவேம்பு. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அதற்கு அப்பால் அம்பாறைப் பக்கத்திலும், மரங்களுக்கு நமது முன்னோர் கொடுத்த மரியாதை இந்தப் பெயர்களில் இருக்கிறது. சிறு செடிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: பற்றை. ஆரையம்பதியின் பழைய பெயரான ஆரைப்பற்றையில் அந்தச் சொல் ஒரு காலத்தில் ஊர்ப்பெயராகவே இருந்தது. இன்று "பற்றை பிடித்துப்போன காணி" என்று சொன்னால், கவனிப்பாரற்ற காணி என்றுதான் பொருள்.

அந்தப் பற்றைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது கன்ஜெரா. முழுப் பெயர் கன்ஜெரா றீடியை. ஆளுயரத்துக்குச் சற்று மேலே போகும், பக்கத்துச் செடிகளில் சாய்ந்து படரும் ஒரு செடி. இலைக்கக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். பழுத்தால் செம்மஞ்சள் நிறத்தில் சிறு பழம். தமிழ்நாட்டில் இதைக் கலிமணக்கீரை என்பார்கள், இலையைக் கீரையாக உண்பதும் உண்டு. இதன் விஞ்ஞானப் பெயரின் இரண்டாம் பகுதி ஹென்ட்ரிக் வான் றீட் என்ற ஒல்லாந்தரை நினைவுபடுத்துவது. மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் தொகுத்த 12 பாகங்கள் கொண்ட நூல் 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் அச்சாயிற்று. ஊர் வைத்தியர்கள் சொன்ன பெயர்களையும் அவர் அதில் பதிவு செய்தார்.

இரண்டாவது ஒலாக்ஸ் ஸ்கன்டென்ஸ். இதுவும் சாய்ந்து ஏறும் செடி, சில இடங்களில் முள்ளும் இருக்கும். பூ வெள்ளை. பழத்தை அடையாளம் காண்பது சுலபம்: புல்லிவட்டம் பெருத்து ஒரு கிண்ணமாகி, பழத்தை முக்கால்வாசி மூடிக்கொண்டிருக்கும். இதே ஒலாக்ஸ் இனத்தின் இன்னொரு செடியைத்தான் சிங்கள மக்கள் 'மெல்ல' என்று சொல்லி, இலையை எடுத்துச் சுண்டிச் சோற்றோடு உண்கிறார்கள்.

மூன்றாவது ஸிமேனியா அமெரிக்கானா. பெயரில் அமெரிக்கா இருந்தாலும் வெப்பவலயக் கடற்கரைகள் பலவற்றுக்கும் உரித்தான முட்செடி. மஞ்சள் நிறத்தில் புளிப்பான பழம் காய்க்கும்.

இந்த மூன்றும் சந்தனமும் தாவரவியலில் ஒரே வருணத்தைச் சேர்ந்தவை. குருவிச்சையும் அதே வருணம்தான். ஆகவே சந்தனம் என்ற பெரிய இடத்துப் பிள்ளைக்கு, நமது வேலியோரத்தில் ஏழை உறவினர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையான சந்தனம் நமது நாட்டில் ஊவாவின் வறண்ட மலைச்சரிவுகளில்தான் வளர்கிறது. உறவினர்கள் நமது உலர்வலயத்திலேயே இருக்கிறார்கள்.

இனி மண்ணுக்குக் கீழே போவோம். இந்தச் செடிகளின் வேர் மண்ணுக்குள் ஓடும்போது இன்னொரு செடியின் வேரைச் சந்தித்தால், சந்தித்த இடத்தில் ஒரு சிறு புடைப்பு உண்டாகிறது. சட்டைப் பொத்தானைப்போல, அல்லது கவிழ்த்த சிறு மணியைப்போல இருக்கும். இதைத்தான் பருகி என்கிறோம். பருகி மற்ற வேரை இறுகப் பற்றி, நடுவிலிருந்து ஆப்புப்போல் ஒரு இழையத்தை உள்ளே செலுத்தி, அந்த வேரின் காழைத் தொடுகிறது. காழ் என்பது நீரும் கனியுப்பும் மேலே போகும் குழாய் என்று உயர்தர வகுப்பில் பிளேட்டால் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறீர்கள். குழாயோடு குழாய் பொருந்திவிட்டால், அடுத்த செடி உறிஞ்சிய நீரும் நைதரசனும் பொசுபரசும் இங்கே வரத் தொடங்கும்.

ஏன் வரவேண்டும்? நீர் தானாகப் பக்கவாட்டில் போகாதே. இந்தச் செடிகள் தங்கள் இலைவாய்களை அயல்செடிகளைவிடத் தாராளமாகத் திறந்து வைத்துக்கொள்கின்றன. ஆவியுயிர்ப்பு கூடும்போது இழுவையும் கூடுகிறது. பெரிய கிணற்றுப் பம்பு வைத்திருப்பவர் பக்கத்து வளவுத் தண்ணீரையும் இழுப்பதுபோலத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றின் இலை பச்சை. ஒளித்தொகுப்புச் செய்து தங்கள் மாச்சத்தைப் பெரும்பாலும் தாங்களே ஆக்கிக்கொள்கின்றன. அதனால் இவற்றைக் குறை ஒட்டுண்ணிகள் என்கிறோம். அரிசி தம்முடையது, தண்ணீரும் உப்பும் மட்டும் அடுத்த வீட்டில் வாங்கியது. கொடுக்கிற செடிக்குப் பாடப்புத்தகத்தில் விருந்துவழங்கி என்று பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கவேண்டும். அழையாத விருந்தாளிக்குத் தன் வீட்டிலேயே விருந்து வைக்கிற அப்பாவி அது.

சந்தனத்தின் இந்தக் குணத்தை 1871 ஆம் ஆண்டில் கல்கத்தா தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய ஜோன் ஸ்கொட் எழுதி வெளியிட்டார். அதை விளக்கமாக ஆராய்ந்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர். 1906 முதல் 1908 வரை அவர் வேர் ஒட்டுண்ணிகளைப் பற்றி நான்கு ஆய்வுரைகள் வெளியிட்டார். முதல் இரண்டும் சந்தனத்தின் பருகியைப் பற்றியவை. மூன்றாவது எதைப் பற்றியது தெரியுமா? ஒலாக்ஸ் ஸ்கன்டென்ஸ். நான்காவது கன்ஜெரா. விலைமதிப்புள்ள சந்தனத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், யாரும் திரும்பிப் பார்க்காத இரண்டு பற்றைச் செடிகளுக்கும் அவர் அதே அளவு மதிப்புக் கொடுத்து, வேரைச் சீவிச் சீவிப் பார்த்து எழுதினார். 1912 இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. உலகம் அவரைக் கரும்புக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறது. நான் அவரை ஒலாக்ஸுக்காக நினைவு வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். அடுத்த செடியின் தண்ணீரைக் குடிக்கிற இந்தச் செடிகளால் தீமை இல்லையா? அவற்றை வெட்டி எறிந்தால் மற்றவை நன்றாக வளராதா?

தீமை செய்யும் வேர் ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. சுடுமல்லி என்ற சிறு பூண்டு சோளம் போன்ற பயிர்களின் வேரைப் பிடித்தால் விளைச்சல் படுத்துவிடும். ஒரே பயிரைப் பரந்த வயலில் போடுகிற இடத்தில் ஒட்டுண்ணிக்கு அதுவே பெருவிருந்து. பற்றைக்காடு அப்படி இல்லை. அங்கே பல இனச் செடிகள் நெருங்கி நிற்கின்றன. ஒட்டுண்ணி ஒருவரிடம் மட்டும் வாங்காமல் பலரிடமும் சிறிது சிறிதாக வாங்குகிறது. சந்தனத்தின் வேர் பிடிக்கும் செடிவகைகள் 300க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வாங்குவதைத் திருப்பியும் கொடுக்கிறது. மற்றச் செடிகள் இலை உதிர்க்குமுன் அதிலுள்ள சத்தில் ஒரு பங்கை மீள எடுத்துக்கொள்ளும். ஒட்டுண்ணிகள் பலவற்றுக்கு அந்தச் சிக்கனம் குறைவு. சத்து நிறைந்த இலை உதிர்ந்து உக்கி, சுற்றிலும் உள்ள மண்ணுக்குப் பசளையாகிறது. நமது கரையோர மணலைப்போல் சத்துக் குறைந்த மண்ணில் இது சின்ன விசயம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்காக மூன்று உதாரணங்கள் சொல்கிறேன். நீங்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: அங்கே றைனந்தஸ் என்று மஞ்சள் பூப்பூக்கும் ஒரு சிறு பூண்டு உண்டு. புல்லின் வேரைப் பிடித்து வாழ்வது. ஒரு காலத்தில் கமக்காரர்களுக்கு அது எதிரி. இப்போது பழைய பூவெளிகளை மீட்க விரும்புகிறவர்கள் அதன் விதையைத் தாங்களே விதைக்கிறார்கள். அது புல்லின் பலத்தைக் குறைத்தால்தான் மற்றப் பூஞ்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது.

சிட்னிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளரும் அவரோடு சேர்ந்தவரும் சில காட்டுத்துண்டுகளில் இருந்த குருவிச்சை முழுவதையும் வெட்டி அகற்றினார்கள். 2012 இல் வெளிவந்த முடிவு என்ன? மூன்று வருடத்தில் அந்தத் துண்டுகளில் வாழ்ந்த காட்டுப் பறவை இனங்களில் கால்வாசிக்கு மேல் இல்லாமற்போயின. குருவிச்சைப் பழம் தின்னும் பறவை மட்டும் போனால் வியப்பில்லை. நிலத்தில் பூச்சி பொறுக்கும் பறவைகளும் போய்விட்டன. குருவிச்சை இலை விழாததால் நிலத்தில் உக்கல் குறைந்தது, உக்கல் குறைந்ததால் பூச்சி குறைந்தது.

பேர்த் நகரத்தில் இருப்பவர்களுக்கு: டிசம்பரில் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் நுயிற்சியா மரத்தை நத்தார் மரம் என்பார்கள். அதுவும் வேர் ஒட்டுண்ணிதான். அதன் பருகிக்குள் கத்தரிபோல் ஒரு கூர்மையான பாகம் உண்டு. மண்ணுக்குள் பதித்த தொலைபேசிக் கம்பியையும் வேர் என்று நினைத்து வெட்டியிருக்கிறது. கோல் இடையில் துண்டிக்கப்பட்டால் ஒரு மரத்தின்மேலும் சந்தேகப்படலாம்.

இனி நமது யோசனைக்கு வருவோம். சந்தனக் கன்று முளைத்த முதல் சில மாதம் விதையில் இருந்த சேமிப்பைத் தின்று பச்சையாக இருக்கும். நாற்றுமேடையில் வாங்கும்போது அழகாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். சேமிப்பு முடிந்ததும் இலை மஞ்சளிக்கும், வளர்ச்சி நின்றுவிடும். நாம் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகும். அதற்கு வேண்டியது தண்ணீர் இல்லை, துணை.

ஆகவே நடுவதானால் இப்படி நடுங்கள். பையில் இருக்கும்போதே கன்றுக்குப் பக்கத்தில் இரண்டு துவரை விதை ஊன்றுங்கள். இந்தியாவின் நாற்றுமேடைகளில் இதுதான் வழக்கம். அவுஸ்திரேலியாவில் பெருந்தோட்டமாகச் சந்தனம் வளர்ப்பவர்கள் பொன்னாங்காணி இனத்துச் சிறு செடி ஒன்றைப் பையில் துணையாக வைக்கிறார்கள். துவரை உயர்ந்து கன்றை மறைக்காதபடி அடிக்கடி நுனியைக் கிள்ளிவிடவேண்டும். நிலத்தில் நடும்போது பக்கத்தில் அகத்தியோ சவுக்கோ புங்கோ நிற்கவேண்டும். நைதரசன் பதிக்கும் மரங்கள் சந்தனத்துக்கு நல்ல விருந்துவழங்கிகள். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் சவுக்கு நட்டதை அறிவீர்கள், சவுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் உவர் ஏறும் வாவிக்கரையிலும் நடவேண்டாம். சீமெந்து வளையம் வேண்டவே வேண்டாம், அது வேரையும் வேரையும் பிரித்துவிடும். சந்தனத்தை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் அனுமதிக்கு உட்பட்டவை, ஆகவே நடுவதற்குமுன் வனபரிபாலனத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. மணமுள்ள வைரம் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். நடுகிற நாம் அதை முகரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே நடவேண்டும்.

நூறு வேண்டாம். பத்து நடுவோம், துணையோடு நடுவோம். மிச்சக் காசுக்கும் மிச்ச ஆர்வத்துக்கும் இன்னொரு வேலை சொல்கிறேன்.

நமது பிரதேசத்தில் வீடும் வளவும் வழிவழியாகப் பெண்பிள்ளைக்குப் போகிறவை. இந்தச் சபையில் இருக்கும் பலர், இந்த மலரை இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து வாசிக்கப்போகும் பலர், காணிச் சொந்தக்காரர்கள். தாய் கொடுத்த வளவு, தாய்க்கு அவர் தாய் கொடுத்த வளவு. யுத்தத்தில் விட்டுப்போனதும் உண்டு, 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் பாழானதும் உண்டு. ஆளில்லாத இடத்தில் பற்றை வளர்ந்திருக்கும். அங்கிருந்து நீங்கள் தம்பிக்குக் கோல் எடுத்து, "காணியைத் துப்பரவாக்கி விடு, காசு அனுப்புகிறேன்" என்று சொல்வீர்கள். தம்பி பெக்கோ பிடிப்பார். அரைநாளில் வளவு வழித்த தட்டுப்போல் ஆகிவிடும். படம் எடுத்து அனுப்புவார், உங்களுக்கும் மனநிறைவு.

அந்த அரைநாளில் போனது என்ன? கன்ஜெராவும் ஒலாக்ஸும் விலைக்கு விற்கும் நாற்றுமேடை ஒன்றையும் நான் கண்டதில்லை. விற்றாலும் தனியே பையில் வளர்த்து நட்டால் சந்தனத்துக்கு நடப்பதுதான் அவற்றுக்கும் நடக்கும். அவை மீண்டும் வரவேண்டுமானால் முதலில் அயல்செடிகள் வரவேண்டும், பிறகு விதை கொண்டுவரப் பறவை வரவேண்டும், அந்தப் பறவைக்கு விதை எடுக்கப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு பற்றை மிஞ்சியிருக்கவேண்டும். மாமரத்தை வெட்டினால் இன்னொரு மாங்கன்று வைக்கலாம். இந்தச் செடிகளை அப்படி வைக்க இயலாது. இருப்பதை விட்டுவைப்பதுதான் இவற்றை வளர்ப்பதற்கு மிகச் சுலபமான வழி.

பற்றை என்றால் பாம்பும் நுளம்பும் என்று பயப்படுவீர்கள். பயம் நியாயம். வீட்டைச் சுற்றியும் நடைபாதையிலும் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது செடியின் வேரில் இல்லை, நீர் தேங்கிய சிரட்டையிலும் தகரப்பேணியிலும் பழைய ரயரிலும். அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வளவின் பின்மூலையில், வேலியோரத்தில், பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டை மட்டும் விட்டுவிடுங்கள். தம்பிக்குச் சொல்லும்போது இன்னொரு வசனம் கூடச் சொன்னால் போதும்: "பின்வேலிப் பக்கம் கைவைக்கவேண்டாம்."

பாடசாலைக்கும் இதையே கேட்கிறேன். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் உள்ள பற்றைத் துண்டை நூற்றாண்டு நினைவாக அப்படியே விட்டுவைப்போம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வருடம் ஒருமுறை அங்கே நிற்கும் செடிகளைக் கணக்கெடுத்துப் பெயர் எழுதட்டும். மண்ணை விரலால் மெல்ல விலக்கி, வேரில் அந்தப் பொத்தானைத் தேடிப் பார்க்கட்டும். முதியவர்களிடம் போய் "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டு எழுதட்டும். படுவான்கரையில் ஒரு பெயர் இருக்கும், எழுவான்கரையில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.

இப்படிப்பட்ட மேடையில் செடியை உவமையாக்கி, ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் பற்றிச் சங்கத்துக்குப் புத்திமதி சொல்வது வழக்கம். அதை நான் செய்யவில்லை. செடி நமக்குப் பாடம் சொல்வதற்காக வளரவில்லை. அதற்கு வேண்டியது ஒரு அயல்வேர், நம்மால் கொடுக்கக்கூடியது பத்தடி நிலம்.